வாழ்க்கைத் துணைக்குப் பிரிட்ஜ்: ஏலத்தைக் கடைசியில் வையுங்கள்

நாலு பேர் இரண்டு கட்சியாக ஆடும் சீட்டாட்டமான பிரிட்ஜைப் பல வருடமாக ஆடுகிறவர் வீட்டில் துணைக்குச் சொல்லிக்கொடுக்க உட்கார்ந்தால் பெரும்பாலும் இப்படித்தான் தொடங்குவார்: ஏஸுக்கு 4, ராஜாவுக்கு 3, ராணிக்கு 2, ஜாக்கிக்கு 1. பன்னிரண்டு பாயின்ட் இருந்தால் ஏலத்தைத் திற. 15 முதல் 17 வரை இருந்து கை சமமாக இருந்தால் 1 நோ டிரம்ப். அதற்குப் பார்ட்னர் 2 கிளப் சொன்னால் அது கிளப் இல்லை. அரை மணி நேரத்தில் எதிரே இருப்பவருக்குக் கொட்டாவி வந்துவிடும். "இது கணக்குப் பாடம் மாதிரி இருக்கே, ரம்மியே போடலாம்" என்பதோடு பிரிட்ஜ் முடிந்துபோகும்.

குறை கற்பவரிடம் இல்லை, பாடம் தலைகீழாகத் தொடங்கியதில்தான். ஏலம் என்பது "நாம் இருவரும் சேர்ந்து இத்தனை பிடி எடுப்போம்" என்று முன்கூட்டிச் சொல்லும் மதிப்பீடு. இதுவரை ஒரு பிடிகூட எடுத்துப் பார்க்காதவர் எதை வைத்து மதிப்பிடுவார்? முதலில் பிடி, பிறகு துருப்பு (மற்ற இனச் சீட்டுகளை வெட்டிப் பிடிக்கும் இனம்), அதன்பின் டம்மி (மேசையில் திறந்து வைக்கும் கை), கடைசியில் ஏலம். வாரம் இரண்டு நாள், ஒரு நாளைக்கு முக்கால் மணி, ஐந்தாறு ஆட்டம் என்று போனால் ஏலத்துக்கு வர ஐந்து வாரமாவது ஆகும். அவசரப்பட வேண்டாம்.

உட்காரும் முன் ஒன்றைக் கேட்டுக்கொள்ளுங்கள்: இதுவரை என்ன சீட்டு ஆடியிருக்கிறார்? பதிலைப் பொறுத்துத் தடுமாற்றம் மாறும். ரம்மி மட்டும் தெரிந்தவருக்குப் பிடி என்பதே புதுசு, கையில் சேர்த்து வைக்கத்தான் தோன்றும். சின்ன வயதில் கழுதை ஆடியவருக்கு இறக்கிய இனத்தையே போட வேண்டும் என்பது கைவந்த பழக்கம். ஆனால் கழுதையில் இனம் இல்லாதவர் வேறு இனம் போட்டு வெட்டினால் பெரிய சீட்டு போட்டவர் அத்தனையையும் அள்ள வேண்டும், அள்ளுவது தண்டனை. அதனால் பிரிட்ஜிலும் பெரிய சீட்டைப் போடத் தயங்குவார். யாழ்ப்பாணத்து 304, குமரி மாவட்டப் பக்கம் ஆடும் 28 தெரிந்தவருக்குத் துருப்பும் கேள்வி கேட்பதும் (அங்கே ஏலத்துக்கு அதுதான் பெயர்) பார்ட்னரும் ஏற்கெனவே தெரியும். பாதி வேலை முடிந்தது. ஆனால் அங்கே ஜாக்கிதான் உச்சம், அடுத்தது 9. இங்கே ஏஸ், ராஜா, ராணி, ஜாக்கி, 10 என்று நேர் வரிசை. முதல் பத்து ஆட்டத்தில் ஜாக்கியை இறக்கிவிட்டுப் பிடி தனக்குத்தான் என்று கை நீட்டுவார். சிரித்துவிடாதீர்கள்.

பெயர்களையும் முதலிலேயே சொல்லிவிடுங்கள். வீட்டில் கிளாவர் என்பது பிரிட்ஜ் மேசையில் கிளப், ஆர்ட்டின் என்பது ஹார்ட். நாலு பேரும் ஒவ்வொரு சீட்டு போட்டு முடிவது ஒரு பிடி. அதை மேசையில் டிரிக் என்பார்கள்.

முதல் இரண்டு உட்காரலில் துருப்பு வேண்டாம். 52 சீட்டையும் நாலு கையாகப் பிரித்து நாலையும் திறந்தே வையுங்கள். எதிரெதிர் கைகள் ஒரு கட்சி. இடப்பக்கமாகச் சுற்றி ஆட்டம் போகும், இறக்கிய இனம் இருந்தால் அதைத்தான் போட வேண்டும், அந்த இனத்தில் பெரிய சீட்டுக்குப் பிடி, பிடித்தவர் அடுத்த சீட்டை இறக்குவார். மறைக்க எதுவும் இல்லாததால் "இந்த ராஜாவை வெளியே வரவைக்க எந்தச் சீட்டை எங்கிருந்து இறக்கணும்?" என்று இருவரும் சேர்ந்தே யோசிக்கலாம். இப்படி நாலு ஆட்டம் ஆடினாலே ஒரு விஷயம் தானாகப் பிடிபடும்: ஏஸும் ராஜாவும் மட்டும் பிடி எடுப்பதில்லை. ஒரு இனம் நீளமாக இருந்தால், மற்றவர்களிடம் அது தீர்ந்த பிறகு 2-உம் 3-உம்கூடப் பிடி எடுக்கும்.

கையில் சீட்டு அடுக்கும் பழக்கத்தை முதல் நாளே ஏற்படுத்துங்கள். கறுப்பு, சிவப்பு, கறுப்பு, சிவப்பு என்று மாறி மாறி. ஹார்ட்டும் டைமனும் பக்கத்தில் பக்கத்தில் இருந்தால் ஒன்று மற்றொன்றோடு ஒட்டிக்கொண்டு, கையில் ஹார்ட் இருந்தும் இல்லையென்று வேறு இனம் போட்டுவிடுவார். இதற்கு ரிவோக் என்று பெயர். பிரிட்ஜ் ஆடும் கிளப்பில் இதற்கு ஒன்றோ இரண்டோ பிடி கைமாறும். வீட்டில் முதல் மாதம் தண்டனை வேண்டாம், சீட்டைத் திருப்பிக்கொடுத்து ஆடுங்கள். அதேபோல் ஆடிய சீட்டை நடுவில் குவிக்காமல் அவரவர் முன்னால் கவிழ்த்து வைக்கச் சொல்லுங்கள்: நம் கட்சி பிடித்தால் நெட்டாக, எதிரணி பிடித்தால் குறுக்காக. கிளப்புக்குப் போகும்போது இது தனியாகக் கற்க வேண்டிய ஒன்றாக இருக்காது. ஆட்டம் முடிந்தபின் எந்த இடத்தில் தவறியது என்று சீட்டைத் திருப்பிப் பார்க்கவும் முடியும்.

மூன்றாவது உட்காரலில் மினி பிரிட்ஜ். ஏலமே இல்லாத பிரிட்ஜ் இது, தொடக்கக்காரருக்கு இதைவிட நல்ல வழி இல்லை. சீட்டுப் போட்டவரில் தொடங்கி ஒவ்வொருவரும் தம் கையின் பாயின்ட்டைச் சொல்ல வேண்டும். நாலையும் கூட்டினால் 40 வர வேண்டும். வராவிட்டால் யாரோ தப்பாக எண்ணிவிட்டார். எந்தக் கட்சிக்கு அதிகமோ அது ஆடும் கட்சி. அதில் யாருக்கு அதிகமோ அவர் டிக்ளேரர். இருபதுக்கு இருபது என்றால் சீட்டை மறுபடி போடுங்கள். டிக்ளேரரின் பார்ட்னர் கையை மேசையில் திறந்து வைக்கிறார், அதுதான் டம்மி. இரண்டு கையையும் பார்த்துவிட்டு டிக்ளேரர் துருப்பைச் சொல்வார், அல்லது துருப்பே இல்லாத நோ டிரம்ப் என்பார். எதிரணியில் அவருக்கு இடப்பக்கம் இருப்பவர் முதல் சீட்டை இறக்குவார்.

வீட்டில் இருவர்தான் என்றால், கற்பவர் டிக்ளேரர் கையையும் டம்மியையும் ஆடட்டும், எதிரணியின் இரண்டு கையையும் நீங்கள் ஆடுங்கள். ஒரு கையைப் பார்த்து மறு கையை ஆடாத நேர்மை வேண்டும், அவ்வளவுதான். கற்பவரின் இரண்டு கையும் சேர்ந்து 20 பாயின்ட்டைத் தாண்டவில்லை என்றால் உங்கள் இரண்டு கையோடு மாற்றிக்கொடுத்துவிடுங்கள். மோசமான கைகளை வைத்துக்கொண்டு தொடர்ந்து தடுப்பாட்டம் ஆடுவதைப்போல் சலிப்பூட்டுவது எதுவும் இல்லை. தொடக்கத்தில் டிக்ளேரராக ஆடும் ருசிதான் மறுபடி மேசைக்கு இழுக்கும்.

இப்போது முக்கியமான பாடம். டம்மி திறந்து முதல் சீட்டு விழுந்ததும் தொடக்கக்காரரின் கை தானாக ஒரு சீட்டுக்குப் போகும். அந்தக் கையை நிறுத்துவதுதான் உங்கள் வேலை. டம்மியிலிருந்து எதுவும் போடும் முன் எண்ண வேண்டும். நோ டிரம்ப்பில் எதிரணிக்குக் கை மாறாமல் உடனே எடுக்கக்கூடிய பிடிகளை எண்ணுவது. துருப்பாட்டத்தில் இழக்கப்போகும் பிடிகளை எண்ணுவது. கீழே உள்ள கைகளைக் கட்டிலிருந்து எடுத்து வைத்து ஆடிப் பாருங்கள்.

டிக்ளேரர் கை: ஸ்பேட் ஏ‌ஸ், ராஜா, 4; ஹார்ட் ஏஸ், 6, 3; டைமன் ராஜா, 7, 5; கிளப் ராணி, ஜாக்கி, 10, 2.
டம்மி: ஸ்பேட் 7, 5, 2, ஹார்ட் 8, 4, 2, டைமன் ஏஸ், ராணி, 6, கிளப் ராஜா, 9, 8, 5.

ஆட்டம் 3 நோ டிரம்ப், அதாவது ஆறுக்கு மேல் மூன்று, மொத்தம் ஒன்பது பிடி வேண்டும். எதிரணி ஸ்பேட் ராணியை இறக்குகிறது. எண்ணச் சொல்லுங்கள்: ஸ்பேடில் 2, ஹார்ட்டில் 1, டைமனில் 3, மொத்தம் ஆறு. மீதி மூன்று எங்கே? கிளப்பில். அங்கே ஏஸ் மட்டும்தான் இல்லை. அதை வெளியே வரவைத்துவிட்டால் மிச்சம் மூன்று பிடி நம்முடையது.

பத்தில் ஒன்பது தொடக்கக்காரர்கள் கையில் இருக்கும் ஆறு பிடியையும் மளமளவென்று எடுத்துவிட்டு, "இப்போ என்ன செய்றது?" என்று நிமிர்ந்து பார்ப்பார்கள். பிறகு கிளப்பை இறக்கினால் எதிரணி ஏஸால் பிடிக்கும். நம்மிடம் ஸ்பேட், ஹார்ட், டைமன் எதிலும் காவல் இல்லாததால் மிச்சத்தை அவர்கள் வாரிக்கொண்டு போவார்கள். நாலு கையையும் வைத்து இதை ஒருமுறை உண்மையாகவே தோற்கவிடுங்கள். பிறகு அதே கைகளை மறுபடி அடுக்கி, முதல் ஸ்பேடைப் பிடித்த உடனே கிளப்பை இறக்கச் சொல்லுங்கள். எதிரணி ஏஸால் பிடித்து மறுபடி ஸ்பேட் போட்டாலும் ராஜா காவல் இருக்கிறது. ஒன்பதும் வந்துவிடும். ஏஸும் ராஜாவும் பணப்பெட்டிக் காசு அல்ல, வாசல் காவல் என்பது வாயால் சொல்லிப் புரியாது. இந்த ஒரு ஆட்டத்தில் புரியும்.

அடுத்த சின்னப் பயிற்சி கை மாறுவது. டிக்ளேரரிடம் ஒரு இனத்தில் ராஜாவும் 3-உம் மட்டும். டம்மியில் ஏஸ், ராணி, ஜாக்கி, 4. டம்மிக்குப் போக வேறு வழி இல்லை. எந்தச் சீட்டு முதலில்? குட்டையான பக்கத்துப் பெரிய சீட்டு, அதாவது ராஜா. பிறகு 3-ஐ இறக்கி ஏஸுக்குப் போனால் நாலு பிடி. ஆசைப்பட்டு ஏஸை முதலில் எடுத்தால் இரண்டாவது பிடி ராஜாவில் வந்து நின்றுவிடும், டம்மியில் ராணியும் ஜாக்கியும் அனாதையாகக் கிடக்கும்.

ஃபினெஸும் இப்போதே வரலாம். டம்மியில் ஏஸ், ராணி, 4. கையில் 7, 5, 2. கையிலிருந்து சின்னதை இறக்கி, இடப்பக்கத்தவர் சின்னது போட்டால் ராணியைப் போடுவது. ராஜா இடப்பக்கம் இருந்தால் பிடி, வலப்பக்கம் இருந்தால் போச்சு, பாதிக்குப் பாதி. ராணியை டம்மியிலிருந்து இறக்கக்கூடாது, அதை நோக்கித்தான் இறக்க வேண்டும் என்பதே இதில் உள்ள சூட்சுமம்.

துருப்பாட்டத்துக்கு வரும்போது இரண்டு நேரெதிர் தவறுகள் வரும். ஒருவர் எதிரணித் துருப்பை இழுக்காமலேயே தன் ஏஸ் ராஜாக்களை எடுக்கப் போய் வெட்டு வாங்குவார். அதைத் திருத்தினால், அடுத்த வாரம் எதிரணியிடம் துருப்பே இல்லாதபோதும் இன்னொரு சுற்று இழுத்துத் தன் இரண்டு துருப்பை ஒரே பிடியில் வீணாக்குவார். இரண்டுக்கும் மருந்து ஒன்றுதான், துருப்பை எண்ணுவது. விழுந்த சீட்டுகளைப் பதின்மூன்று வரை எண்ணச் சொன்னால் யாருக்கும் நினைவில் நிற்காது. வெளியே எத்தனை என்று மட்டும் எண்ணச் சொல்லுங்கள். இரண்டு கையிலும் சேர்ந்து எட்டு என்றால் வெளியே ஐந்து. முதல் சுற்றில் இருவரும் போட்டால் மூன்று, அடுத்ததிலும் போட்டால் ஒன்று. ஐந்திலிருந்து கீழே வருவது யாருக்கும் முடியும். வெளியே ஐந்து இருந்தால் மூன்றுக்கு இரண்டாகப் பிரிவது 68 விழுக்காடு, நாலுக்கு ஒன்று 28. வெளியே நாலு இருந்தால் இரண்டுக்கு இரண்டு 40 விழுக்காடுதான், மூன்றுக்கு ஒன்றுதான் அதிகம். இந்த இரண்டும் இப்போதைக்குப் போதும்.

துருப்பை முதலில் இழுப்பதற்கு ஒரு விலக்கு உண்டு. டம்மியில் ஒரு இனம் குட்டையாக இருந்து, அங்கே வெட்டி ஒரு பிடி கூடுதலாக எடுக்க முடியும் என்றால், டம்மியின் துருப்பு தீரும் முன் அந்த வெட்டை எடுத்துவிட வேண்டும். நீளமான துருப்புக் கையில் வெட்டுவதால் புதிதாகப் பிடி கிடைப்பதில்லை, அந்தத் துருப்பு எப்படியும் பிடி எடுக்கும். குட்டைக் கையில் வெட்டினால்தான் லாபம்.

ஸ்கோரை மினி பிரிட்ஜிலேயே சேர்த்துவிடுங்கள், ஏலம் ஏன் அப்படி இருக்கிறது என்பதற்குப் பதில் அதில்தான் இருக்கிறது. முதல் ஆறு பிடிக்கு எதுவும் கிடையாது. ஏழாவதிலிருந்து கிளப், டைமன் என்றால் பிடிக்கு 20, ஹார்ட், ஸ்பேட் என்றால் 30, நோ டிரம்ப்பில் முதலாவதுக்கு 40, பிறகு 30. சொன்ன பிடிகளுக்கு 100 வந்தால் கேம்: 3 நோ டிரம்ப், 4 ஹார்ட், 4 ஸ்பேட், 5 கிளப், 5 டைமன். கேமுக்கு 300 போனஸ், வல்னரபிள் (போனஸும் அபராதமும் கூடுதலாக இருக்கும் நிலை) என்றால் 500. அதற்குக் குறைவாகச் சொன்னால் 50 மட்டும். கேம் எடுக்க நோ டிரம்ப்பிலும் ஹார்ட், ஸ்பேடிலும் இரண்டு கையும் சேர்ந்து 25 பாயின்ட் வேண்டும். 5 கிளப், 5 டைமனுக்கு 29 ஆகும். அதனால்தான் எல்லோரும் ஹார்ட், ஸ்பேட் எட்டுச் சீட்டு சேர்கிறதா என்று தேடுகிறார்கள். இதை அறிந்த பிறகு ஏலம் மனப்பாடமாக இல்லாமல் தேவையாகத் தோன்றும்.

இனி ஏலம். உங்கள் கிளப் பார்ட்னரோடு ஆடும் முறையை அப்படியே தலையில் கட்டாதீர்கள். ஒரு ஏ4 தாளின் ஒரு பக்கத்தில் அடங்க வேண்டும். பன்னிரண்டு பாயின்ட்டோ அதற்கு மேலோ இருந்தால் திறக்கலாம்; ஐந்து சீட்டு ஸ்பேடோ ஹார்ட்டோ இருந்தால் அது, இல்லாவிட்டால் கிளப், டைமனில் எது நீளமோ அது. சமமான கையில் (எந்த இனமும் ரொம்ப நீளமோ குட்டையோ இல்லாத கை) 15 முதல் 17 வரை என்றால் 1 நோ டிரம்ப். பார்ட்னர் திறந்தால் ஆறு பாயின்ட்டுக்குப் பேச வேண்டும். அவர் ஹார்ட் சொல்லி உங்களிடம் மூன்று ஹார்ட் இருந்தால், 6 முதல் 9 வரை 2 ஹார்ட், 10 முதல் 12 வரை 3 ஹார்ட், அதற்கு மேல் கேமுக்குப் போய்விடுங்கள். மேலே அடுக்கிய கைகளையே மறுபடி எடுத்து ஏலம் கேட்கச் சொல்லுங்கள்: 17 பாயின்ட்காரர் 1 நோ டிரம்ப் என்கிறார், எதிரே ஒன்பது. கூட்டினால் 24-லிருந்து 26 வரை இருக்கலாம். அதனால் ஒன்பதுகாரர் 2 நோ டிரம்ப் என்று அழைக்கிறார். உச்சத்தில் இருப்பவர் 3 என்கிறார். ஆடிய ஆட்டத்துக்கே ஏலம் கேட்பதால் சொல்லும் எண்ணுக்குப் பொருள் இருக்கும்.

1 நோ டிரம்ப்புக்கு 2 கிளப் சொல்லி, நாலு சீட்டு ஹார்ட்டோ ஸ்பேடோ உண்டா என்று கேட்கும் ஸ்டேமனை ஒரு மாதம் கழித்துத் தரலாம், ஒரு இனத்தைச் சொல்லி அடுத்த இனத்தைப் பார்ட்னரைச் சொல்லவைக்கும் டிரான்ஸ்ஃபரை அதற்கும் பிறகு. 4 நோ டிரம்ப் சொல்லிப் பார்ட்னரின் ஏஸை விசாரிக்கும் பிளாக்வுட்டை எவ்வளவு தள்ள முடியுமோ அவ்வளவு தள்ளுங்கள். ஏஸ் எத்தனை என்று கேட்கும் வசதி கிடைத்துவிட்டால் தொடக்கக்காரர் எதற்கெடுத்தாலும் 4 நோ டிரம்ப் என்பார்.

ஏலம், டிக்ளேரர் ஆட்டம், தடுப்பாட்டம் என்ற மூன்றில் தடுப்பாட்டம்தான் உண்மையில் கடினம், அதைத் துண்டு துண்டாகத்தான் தர முடியும். ராஜா, ராணி, ஜாக்கி தொடராக இருந்தால் ராஜாவை இறக்கு. நோ டிரம்ப்புக்கு எதிராகத் தொடர் இல்லாவிட்டால் நீளமான இனத்தில் மேலிருந்து நாலாவது சீட்டு. இரண்டாவதாகப் போடுபவர் சின்னது, மூன்றாவதாகப் போடுபவர் பெரிது. போடும் சீட்டாலேயே பார்ட்னருக்குச் செய்தி சொல்லும் சைகை முறைகளை ஆறு மாதத்துக்குத் தொடாதீர்கள்.

இனி கணவன் மனைவி என்பதால் மட்டும் வரும் சிக்கல். 1929 செப்டம்பரில் அமெரிக்காவின் கான்சஸ் சிட்டியில் பென்னட் என்ற தம்பதி பக்கத்து வீட்டுத் தம்பதியோடு பிரிட்ஜ் ஆடினார்கள். கணவர் 4 ஸ்பேடில் தோற்றார், வாய்ச்சண்டை அடியில் போய், மனைவி துப்பாக்கியால் சுட்டுக் கணவர் இறந்துபோனார். 1931-இல் நீதிமன்றம் அவரை விடுவித்தது. பிரிட்ஜ் ஆடும் தம்பதிகள் இன்றும் இதை ஒருவருக்கொருவர் சொல்லிச் சிரித்துக்கொள்வார்கள், கொஞ்சம் பயத்தோடு.

பெருமூச்சு, புருவம் உயர்த்தல், "ம்ச்" — இவை மரியாதைக்குறைவு மட்டுமல்ல, விதிமீறலும்தான். பார்ட்னரின் முகத்திலோ தயக்கத்திலோ தெரிந்த செய்தியை வைத்து ஆடக்கூடாது என்பது பிரிட்ஜ் சட்டம். டம்மியாக இருக்கும்போது எந்தச் சீட்டு ஆடலாம் என்று காட்டவும் கூடாது. சட்டம் டம்மிக்குச் சில சிறு உரிமைகளைத்தான் தருகிறது. டிக்ளேரர் வேறு இனம் போட்டால், "ஸ்பேட் இல்லையா உனக்கு?" அல்லது "ஸ்பேட் இல்லையாங்க?" என்று கேட்கலாம். தப்பான கையிலிருந்து இறக்கப்போனால், "டம்மியில இருக்கு" என்று தடுக்கலாம். வீட்டிலும் முதல் நாளிலிருந்தே இதோடு நிறுத்திக்கொள்ளுங்கள். பழகிவிட்டால் கிளப்பில் நாக்கைக் கடிக்க வேண்டியிருக்காது.

பதின்மூன்று பிடியும் முடிந்த பிறகு பேசுங்கள், ஆட்டத்துக்கு ஒரு விஷயம் மட்டும். நாலு தவறு கண்ணில் பட்டாலும் மூன்றை விழுங்கிவிடுங்கள். "ஏன் அதைப் போட்ட?" என்பது குற்றச்சாட்டு. "அப்போ வெளியே எத்தனை துருப்பு இருக்குன்னு நெனச்ச?" என்பது கேள்வி, பதிலில் தவறு தானாக வெளியே வரும். சில சமயம் அவர் சரியாகவே எண்ணியிருப்பார், நீங்கள்தான் கவனிக்காமல் இருந்திருப்பீர்கள்.

நாலு பேர் சேரும்போது உங்கள் துணையை உங்களுக்கு எதிரே உட்காரவைக்காதீர்கள். இன்னொரு தொடக்கக்காரத் தம்பதி கிடைத்தால் மாற்றி உட்காருங்கள். அடுத்தவர் மனைவியிடமோ கணவரிடமோ யாரும் எரிந்துவிழுவதில்லை. அந்தப் பொறுமையைக் கடன் வாங்குவதுதான் திட்டம். ஆள் கிடைக்காத நாளில் பிரிட்ஜ் பேஸ் ஆன்லைன் இணையதளத்தில் ரோபோக்களோடு தனியே ஆடட்டும். ரோபோ பெருமூச்சு விடாது, தவறினாலும் யாருக்கும் தெரியாது. "இந்த வயசுல எனக்கு வருமா?" என்று கேட்டால், 2018 ஜகார்த்தா ஆசிய விளையாட்டில் ஆண்கள் இணை பிரிட்ஜில் இந்தியாவுக்குத் தங்கம் கொண்டுவந்த பிரணாப் பர்தனுக்கு 60 வயது, சிப்நாத் சர்க்காருக்கு 56 என்று சொல்லுங்கள்.

கிளப்புக்கு முதல் முறை கூட்டிப் போகும்போது வடக்கு தெற்கு இடம் கேட்டு வாங்குங்கள் (நாலு இருக்கைக்கும் திசைப் பெயர்தான்). பெரும்பாலும் கிழக்கு மேற்குதான் மேசை மேசையாக நகரும். நீங்கள் வடக்கில் உட்கார்ந்தால் ஸ்கோர் எழுதுவது, போர்டுகளை (பிரித்த நாலு கையையும் வைத்திருக்கும் தட்டுகள்) கவனிப்பது எல்லாம் உங்கள் பொறுப்பு. தெற்கில் இருப்பவருக்குச் சீட்டைத் தவிர வேறு வேலை இல்லை. முந்தைய நாள் வீட்டில் ஏலப் பெட்டியிலிருந்து அட்டை எடுத்து வைக்கும் பழக்கத்தை மட்டும் ஒருமுறை காட்டுங்கள்; வாயால் ஏலம் கேட்டுப் பழகியவருக்குக் கை நடுங்குவது அங்கேதான். 24 போர்டு முழு ஆட்டம் மூன்று மணி நேரத்துக்கு மேல் இழுக்கும். புதியவர்களுக்கென்று குறைந்த போர்டு வைக்கும் நாள் இருந்தால் அன்று போங்கள். வீடு திரும்பும் வழியில் ஆட்டத்தைப் பற்றி அவர் பேச்செடுத்தால் பேசுங்கள், எடுக்காவிட்டால் இரவுச் சாப்பாட்டுக்கு எங்கே நிறுத்தலாம் என்று கேளுங்கள்.